தமுக்கு எங்களுடையது, சேதி அவர்களுடையது

எங்கள் தாத்தா தமுக்கு அடித்தவர். கிஸ்தி கட்டச் சொல்லி, புளியமரம் ஏலம் போவதைச் சொல்லி, அம்மை ஊசி போட ஆள் வருவதைச் சொல்லி, ஊர்த்தெருவின் ஒவ்வொரு முக்கிலும் நின்று மூன்று அடி அடித்துவிட்டு, ‘இதனால் சகலமானவர்களுக்கும்’ என்று தொடங்குவார். எழுதப் படிக்கத் தெரியாது. மணியக்காரர் சொன்னதை ஒருமுறை கேட்டால் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார். அந்தத் தெருவில் அவர் குரலை உயர்த்திப் பேசியது அந்த நேரங்களில் மட்டும்தான். தமுக்கு இல்லாத நாளில் அதே தெருவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, யாராவது கேட்டால் மட்டும் ‘ஆமாங்க, சாமி’ என்று சொல்லிக்கொண்டு நடந்தார். சின்னப் பையனாக அவர் பின்னாலேயே ஓடியிருக்கிறேன். ஒரே மனுசனுக்கு எப்படி இரண்டு குரல் என்று அப்போது விளங்கவில்லை.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். இனி ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளலாமாம். நல்லது. தாத்தா அதற்குப் பல வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி நம்மூரில் எழுதுகிற அறிவாளிகள் வால்டேரிலிருந்தும் மில்லிலிருந்தும் தொடங்குகிறார்கள். எனக்குத் தமுக்கிலிருந்துதான் தொடங்க முடிகிறது. அரசாங்கம் பேசுவதற்கு எங்கள் வாய் தேவைப்பட்டிருக்கிறது. எங்களுக்காக அந்த வாயைத் திறந்தபோது என்ன நடந்தது என்ற வரலாறு, பொதுவான பத்திரிகைச் சுதந்திர வரலாற்றுக்குள் முழுசாக அடங்குவதில்லை.

சில வருஷங்களுக்கு முன் என்னை ஒரு காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் காலனிக்கு மயானப் பாதை கிடையாது. பிணத்தை வாய்க்காலில் இறக்கி, இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போகிறோம். அப்படிப் போனதை ஒரு மழை நாளில் படம் எடுத்து, பாதையை மறித்திருப்பது எந்தச் சாதியார் நிலம் என்பதையும் எழுதி, முகநூலில் போட்டேன். இரண்டே நாளில் ஆள் வந்துவிட்டது.

‘எம்.ஏ. படிச்சிருக்கியாமே? என்ன எம்.ஏ.?’

‘தமிழ் சார்.’

‘தமிழ் படிச்சவன் பண்ற வேலையா இது? ரெண்டு சமூகத்துக்கு நடுவுல பகை மூட்டுறதுன்னு நூத்தம்பத்தி மூணு ஏ போட்டா என்னா ஆகும் தெரியுமா? அழிச்சிட்டு எழுதிக் குடுத்துட்டுப் போ.’

ஏட்டையா சொல்லச் சொல்ல எழுதினேன். ‘பொது அமைதிக்குக் குந்தகம் விளைவிக்கும் வகையில் பதிவிட்டதற்கு வருந்துகிறேன்’ என்று. அவர் ‘பொது அமைதிக்கு குந்தகம்’ என்றுதான் சொன்னார். ஒற்று மிகும் என்று நானே க் போட்டு எழுதினேன். என் படிப்பு அன்றைக்கு அதற்குத்தான் பயன்பட்டது. வீட்டுக்கு வந்ததும் ஆயா கேட்டது ஒன்றே ஒன்று: ‘அடிச்சானுங்களாடா?’ ‘இல்ல ஆயா, எழுதி வாங்குனாங்க.’ ‘எழுதித்தான, போவட்டும் வுடு.’

குந்தகம் என்ற சொல் மனசை விட்டுப் போகவில்லை. எம்.ஏ. பாடத்தில் எந்த நூலிலும் நான் அதைப் படித்ததாக நினைவில்லை. அது சட்டத் தமிழ். ‘பொது அமைதி’ அல்லது ‘பொது ஒழுங்கு’ என்பதைக் காட்டி வாயை அடைக்கிற அதிகாரம் நம் அரசியலமைப்புக்குள் எப்படி வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடல் கொண்டுபோய் நிறுத்திய இடம் சென்னை மாகாணம்.

1950 பிப்ரவரி 11. குடியரசு பிறந்து பதினாறு நாள். சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்டு கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு. 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார்ப் பக்கத்து விவசாயப் போராட்டக்காரர்கள். அந்தச் சூழலில், பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி ஆங்கில வார ஏடு மாகாணத்துக்குள் வரவோ விற்கப்படவோ கூடாது என்று மார்ச் 1ஆம் தேதி சென்னை அரசு தடை போட்டது. ஆயுதம் 1949ஆம் வருஷத்து பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம். தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். மே 26ஆம் தேதி தீர்ப்பு. எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி.

தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. அன்றைய 19(2) பேச்சைக் கட்டுப்படுத்த மிகச் சில காரணங்களையே அனுமதித்தது: அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கக்கேடு, அரசின் பாதுகாப்பைக் குலைப்பது அல்லது அரசைக் கவிழ்ப்பது. ‘பொது ஒழுங்கு’ அந்தப் பட்டியலில் இல்லை. ராஜத்துரோகம் என்ற சொல்லையும் அரசியல் நிர்ணய சபை யோசித்தே விட்டுவிட்டது. ஆகவே பொது ஒழுங்கின் பேரால் ஒரு பத்திரிகையைத் தடுக்கும் சட்டம் செல்லாது. தடை போயிற்று. அதே நாளில் ஆர்.எஸ்.எஸ். சார்பு ‘ஆர்கனைசர்’ ஏட்டின்மீது டெல்லியில் போட்ட முன்தணிக்கையும் போயிற்று. ஒரே காற்றில் இரண்டு பேருக்கும் கதவு திறந்தது.

இதே சென்னை மாகாணத்தில், இதே மாதங்களில், இன்னொரு வழக்கு. செண்பகம் துரைராஜன். வகுப்புவாரி உத்தரவுப்படி கல்லூரியில் ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, ‘அரிசனங்களுக்கு’ 2, கிறித்தவர்களும் ஆங்கிலோ இந்தியரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. இதனால் மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் பறிபோகிறது என்றார் அந்த அம்மையார். கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே போடவில்லை என்பது பிறகு தெரிந்த சங்கதி. 1950 ஜூலையில் உயர் நீதிமன்றமும் 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவைச் செல்லாதென்றன. தமிழ்நாடு கொதித்தது.

இரண்டு தோல்விக்கும் சேர்த்து நேரு அரசு ஒரே மருந்து கொண்டுவந்தது. அரசியலமைப்பின் முதல் திருத்தம், 1951 ஜூன் 18 முதல் சட்டம். அதில்தான் 15(4) வந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்கும் அட்டவணைச் சாதி, பழங்குடியினருக்கும் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற பிரிவு. நானும் என் தலைமுறையில் கல்லூரி வாசலை மிதித்த எல்லோரும் அந்த வரியில் நடந்துதான் உள்ளே போனோம். அதே திருத்தத்தில்தான் 19(2)க்குள் ‘பொது ஒழுங்கு’, ‘அயல்நாடுகளுடன் நட்புறவு’, ‘குற்றம் செய்யத் தூண்டுதல்’ ஆகிய மூன்றும் நுழைந்தன. கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லைப் பொறுக்குக் குழுவில் சேர்த்தார்கள். இன்றுவரை நீதிமன்றங்களில் நமக்குப் பிடிமானமாக இருப்பது அந்த ஒரு சொல்தான்.

இங்கே தோழர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தாராளவாதிகளுக்கு முதல் திருத்தம் என்றால் பேச்சுரிமையின் கொலை. இட ஒதுக்கீட்டு அரசியல் பேசுகிறவர்களுக்கு முதல் திருத்தம் என்றால் வெற்றி. இருவரும் ஆளுக்கொரு பாதியைக் கிழித்துக்கொண்டு போகிறார்கள். நமக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. கல்லூரிக்குள் விட்ட தாளும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கவைத்த தாளும் எனக்கு ஒரே தாள்.

இதில் அம்பேத்கரின் இடம் என்ன? சட்ட அமைச்சராக அந்த மசோதாவை ஆதரித்து அவையில் பேசியவர் அவர். செண்பகம் வழக்கின் தீர்ப்பு திருப்தியற்றது என்று வெளிப்படையாகவே சொன்னார். பேச்சுரிமைத் தீர்ப்புகளையும் அவர் ஏற்கவில்லை. பாபாசாகேப் செய்தது எல்லாமே சரி என்று பூசை போடுகிற வேலை எனக்கு வேண்டாம். ‘பொது ஒழுங்கு’ என்ற சொல்லை எதிர்காலத்தில் யார் கையில் எடுப்பார்கள் என்பதை, மகாத் குளப் போராட்டத்தை நடத்திய மனிதர் யோசித்திருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றங்கள்மீது அவருக்கு அன்று இருந்த நம்பிக்கை அப்படி.

நாலு மாசம்கூட ஆகவில்லை. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கைவிட்டதால் செப்டம்பரில் பதவி விலகினார். அக்டோபர் 10ஆம் தேதி நாடாளுமன்றத்தில் காரணத்தைச் சொல்ல எழுந்தார். துணைச் சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார், அறிக்கையின் பிரதியை முன்கூட்டியே தர வேண்டும், மாலை ஆறு மணிக்குத்தான் பேசலாம் என்றார். இதுவும் ஒரு தணிக்கைதான் என்று சொல்லி அம்பேத்கர் வெளிநடப்புச் செய்தார். அறிக்கையைப் பத்திரிகைகளிடம் கொடுத்தார். அரசியலமைப்பை எழுதிய கை அன்றைக்குத் தன் பேச்சை எடுத்துக்கொண்டு நாடாளுமன்ற வாசலுக்கு வெளியே போக வேண்டியிருந்தது.

அவருக்கு அது முதல் அனுபவம் இல்லை. 1920இல் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் போடக்கூட ‘கேசரி’ மறுத்தது. 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தலைமையுரைக்குக் கூப்பிட்டுவிட்டு, உரையைப் படித்துப் பார்த்து, சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னது. ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். மாநாடே ரத்தாயிற்று. சொந்தக் காசில் 1500 படி அச்சடித்தார், அதுதான் ‘சாதி ஒழிப்பு’. இரண்டிலும் அரசாங்கம் கிடையாது. எங்களை வாய்மூட வைக்க எல்லா நேரமும் சட்டம் தேவைப்பட்டதில்லை.

காசே ஒரு தணிக்கைதான். 1910ஆம் வருஷத்து பத்திரிகைச் சட்டம் புது அச்சகங்கள் 500 முதல் 2000 ரூபாய் வரை பிணைத்தொகை கட்டவேண்டும் என்றது. அப்போது ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘தமிழன்’ நடத்திக்கொண்டிருந்தார். 1907இல் அது தொடங்கியபோது பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. ஒரு பைசா விலையை 2000 ரூபாயோடு வைத்துப் பாருங்கள். ஏழையின் பத்திரிகைக்கும் பணக்காரப் பத்திரிகைக்கும் ஒரே பிணைத்தொகை என்பது வெள்ளைக்காரனின் சமத்துவம். பிறகு 1933 அக்டோபரில் வந்த ‘குடி அரசு’ தலையங்கத்துக்காகப் பெரியாரும் வெளியீட்டாளர் கண்ணம்மாளும் ராஜத்துரோக வழக்கில் சிறை போனார்கள். அந்தக் கதை ஓரளவு தெரிந்ததுதான். கண்ணம்மாள் பெயரைத்தான் பல பேர் விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டுப் படிப்பாளிகளுக்கு அதிகம் தெரியாத கதை லலாய் சிங்குடையது. பெரியாரின் இராமாயண ஆய்வை இந்தியில் ‘சச்சி ராமாயண்’ என்று 1968இல் வெளியிட்டவர். 1969 டிசம்பரில் உத்தரப் பிரதேச அரசு அதைப் பறிமுதல் செய்தது, ஆங்கிலப் பதிப்பையும் சேர்த்து. லலாய் சிங் அலகாபாத் உயர் நீதிமன்றம் போனார், 1971இல் ஜெயித்தார். அரசு மேல்முறையீடு. உச்ச நீதிமன்றத்தில் 1976 செப்டம்பர் 16ஆம் தேதி அரசின் மனு தள்ளுபடி. தேதியைக் கவனியுங்கள். நாட்டில் நெருக்கடி நிலை. பத்திரிகைகள் தணிக்கை அதிகாரி கையெழுத்துக்குக் காத்திருந்த காலம். அந்த நேரத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், புத்தகத்தைப் பறிக்கிற அரசு எந்தக் காரணத்தால் அதைச் செய்கிறது என்பதை உத்தரவில் சொல்லியாக வேண்டும், உட்பொருளாக இருக்கிறது என்று சமாளிக்கக் கூடாது என்று எழுதினார். நூலாசிரியர் பெரியார் 1973லேயே காலமாகிவிட்டார், இந்தத் தீர்ப்பைப் பார்க்கவில்லை.

காரணத்தைச் சொல். இந்த ஒரு கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் பின்னால் வந்த சட்டங்களின் முகம் தெரிகிறது.

1987இல் மகாராஷ்டிர அரசே அம்பேத்கரின் ‘இந்து மதத்தின் புதிர்கள்’ நூலை அச்சிட்டது. ராமன், கிருஷ்ணன் பற்றிய பகுதியை எதிர்த்து சிவசேனை கிளம்பியதும் அரசு பின்வாங்கியது. 1988 பிப்ரவரியில் தலித் மக்கள் பம்பாய்த் தெருக்களை நிறைத்த பிறகு, இதிலுள்ள கருத்தை அரசு ஏற்பதாகக் கொள்ள வேண்டாம் என்ற குறிப்போடு அந்தப் பகுதி தப்பியது. நீதிமன்றம் போகாமலே ஒரு நூலைத் தெருவில் நின்று மீட்ட சம்பவம் இது. நம் ஆட்கள் இதை அதிகம் சொல்லிக்கொள்வதில்லை, ஏனோ.

பிறகு இணையம் வந்தது. முதன்முதலாக ஆசிரியர் தேவைப்படவில்லை, அச்சகம் தேவைப்படவில்லை, பிணைத்தொகை தேவைப்படவில்லை. ‘இடமின்மையால் பிரசுரிக்க இயலவில்லை’ என்ற அஞ்சலட்டையும் வராது. காலனிப் பையன் கையில் ஒரு போன், அவ்வளவுதான். அரசு இதற்குத் தயாராகத்தான் இருந்தது. 2008 டிசம்பரில் மக்களவை விவாதமே இல்லாமல் தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. 2009 அக்டோபர் 27 முதல் 66ஏ அமலுக்கு வந்தது. எரிச்சலூட்டினால், அசௌகரியம் உண்டாக்கினால்கூட மூன்று வருஷம் வரை சிறை. எரிச்சல் யாருக்கு? எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரையில் போனால்கூட எரிச்சல்படுகிறவர்கள் இருக்கிற தேசம் இது.

2012 நவம்பரில் பால் தாக்கரே சாவுக்கு பம்பாய் கடையடைத்ததைக் கேள்வி கேட்டதற்கும், அதற்கு விருப்பக்குறி போட்டதற்கும் பால்கர் ஊரில் இரண்டு இளம்பெண்களைக் கைது செய்தார்கள். அது நாடறிந்த செய்தி ஆயிற்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் உத்தரப் பிரதேசம் ராம்பூரில் தலித் எழுத்தாளர் கன்வல் பாரதியைக் கைது செய்ததை எத்தனை தமிழ் ஏடுகள் எழுதின? துர்கா சக்தி நாக்பால் என்ற அதிகாரியைச் சமாஜ்வாதி அரசு இடைநீக்கம் செய்ததை முகநூலில் விமர்சித்ததுதான் குற்றம். 153ஏ, 295ஏ. மதப் பகையும் மத அவமதிப்புமாம்! சமூகநீதி பேசுகிற கட்சிகளின் ஆட்சியிலும் நமக்கு அதே பிரிவுகள்தான்.

2015 மார்ச் 24இல் சிரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏயை ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. செத்த பிரிவில் வழக்கு போடுவது அப்புறமும் நிற்கவில்லை. 2021இல் நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது, 2022 அக்டோபரில் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. அதே 2015 தீர்ப்பு 69ஏயை விட்டுவைத்தது. பக்கங்களையும் பதிவுகளையும் முடக்கச் சொல்லும் அதிகாரம் அது. 2009 விதிகளின்படி முடக்கக் கோரிக்கையும் நடவடிக்கையும் ரகசியம். காரணத்தைச் சொல் என்று 1976இல் கேட்ட கேள்வியை இந்த ரகசியத்தின் முன்னால் வைத்துப் பாருங்கள். எழுதியவனுக்கே தன் எழுத்து ஏன் காணாமல் போனது என்று தெரிவதில்லை. 2022 மே 11இல் 124ஏயை நிறுத்திவைத்தார்கள். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவாக வேறு சொற்களில் வந்து உட்கார்ந்துகொண்டது. என்னை மிரட்டிய 153ஏக்கு இப்போது எண் 196.

தனி ஆளின் வாயை அடைப்பது சிரமமாகிவிட்டால் ஊரையே அடைத்துவிடலாம். 2018 மார்ச் 20இல் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைச் சட்டத்தில் கைதுக்குத் தடைகள் வைத்தது. ஏப்ரல் 2ஆம் தேதி வடக்கே தலித் மக்கள் தாங்களாகவே நாடு தழுவிய முழு அடைப்பு நடத்தினார்கள். பெரிய கட்சி எதுவும் கூப்பிடவில்லை, கைபேசிதான் கூப்பிட்டது. பஞ்சாப் முழுக்க கைபேசி இணையத்தை வெட்டினார்கள், ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பல இடங்களில் வெட்டினார்கள். ஒன்பது பேருக்கு மேல் செத்தார்கள். தூத்துக்குடியில் அடுத்த மாதமே பதின்மூன்று பேரைச் சுட்டுக் கொன்றதும், தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களில் இணையம் போயிற்று. இதற்கெல்லாம் அன்று வேர் 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம், அதன்கீழ் 2017இல் எழுதிய விதிகள். தந்தி செத்து நாலு வருஷம் கழித்து அதன் சட்டத்தில் புது விதி. முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறை வேறு.

இந்த இடத்தில் நண்பர் ஒருவர் கூட்டத்திலேயே என்னை மடக்கினார். ‘நீங்க மட்டும் பி.சி.ஆர். கேசு போடுறீங்களே, அது மட்டும் பேச்சை அடக்குறது இல்லியா?’ நியாயமான கேள்விதான், ஒதுக்கித் தள்ள மாட்டேன். சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்வதை 1989 சட்டம் குற்றமாக்கியது. பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடம் என்றது. இணையத்தில் போடுவதும் அப்படிப்பட்ட இடம்தான் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் ஏற்றது. அந்தச் சட்டத்தில் யார் யாரைச் சொன்னால் குற்றம் என்று எழுதியிருக்கிறது, அதிகாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டு எழுதிய சட்டம் அது. 153ஏக்கு அந்தக் கண் கிடையாது. இரண்டு ‘வகுப்பார்’, அவர்களுக்கிடையே ‘பகை’, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பாதையை மறித்தவரும் பாதை கேட்டவரும் அதற்கு ஒன்று. பாதையை மறிப்பது அமைதி, மறித்திருக்கிறார் என்று சொல்வது குந்தகம். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: சட்டம் எதுவானாலும் அதை முதலில் கையில் எடுப்பது நான் உட்கார்ந்து எழுதிய அதே மேசைதான். அதனால் புதிதாக ஒரு பேச்சுத் தடைச் சட்டம் வேண்டும் என்று நம் தோழர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அந்தப் பதிவை நான் மறுபடி போடவில்லை. பாதையும் வரவில்லை. போன ஐப்பசியில் ஆயா செத்தது. இரண்டு நாள் விடாத மழை. பாடையைத் தூக்கிக்கொண்டு அதே வாய்க்காலில் இறங்கினோம், தண்ணீர் மார் வரைக்கும் இருந்தது. கரையில் நின்ற பையன் ஒருவன், பள்ளிக்கூடத்தில் பதினொன்றாவது படிக்கிறவன், போனை எடுத்து உயர்த்தினான். ‘வேணாம்டா’ என்றார் சித்தப்பா. பையன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்தானா, எடுக்கவில்லையா என்று இன்றுவரை அவனைக் கேட்கவும் இல்லை.